கெடுமுன் எழுத வேண்டிய காற்று

கடற்கரை ஊரான மரக்காணத்தில் காற்றைப் பற்றிப் பேசாமல் ஒரு நாளும் கழியாது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெயில் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காற்று. மேல்காற்று வறண்டு அடித்தால் பாத்தியில் உப்பு சீக்கிரம் விளையும். கொண்டல் ஈரத்தோடு நுழைந்தால் நீர் அப்படியே கிடக்கும். பருவம் தவறி ஒரு மழை பெய்தால் வார இருந்த உப்பு கரைந்து, அதோடு கூலியும் போய்விடும். உவர்நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் அறிந்தவர்கள் இவர்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. ஆவியாகி ஆவியாகி 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு படியத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். நீரை இத்தனை நுட்பமாக அளக்கும் ஊரில், தினமும் மூச்சில் இழுக்கும் காற்று எதைச் சுமந்து வருகிறது என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

இது மரக்காணத்தின் குறை மட்டும் இல்லை. 2019-இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம் நாடு முழுக்க ஏறக்குறைய 130 நகரங்களைக் கணக்கில் கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அதில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கும் இருக்கின்றன. காற்று ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று தெரிந்த இடங்களும் மக்கள் லட்சக்கணக்கில் நெருங்கி வாழும் இடங்களும்தான் அந்தப் பட்டியலுக்குள் வருகின்றன. நோய் முற்றியவரை முதலில் கவனிப்பது நியாயம்தான். ஆனால் அளக்கப்படாத இடத்துக் காற்று நல்ல காற்று என்று நாமே எண்ணிக்கொள்கிறோம். மரக்காணம் போன்ற ஒரு பேரூராட்சியின் காற்று இன்று எப்படி இருக்கிறது என்பதை, இருபது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால் எதைக் காட்டிச் சொல்வது?

மரத்தைக் காட்டலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல விரும்பும் பதில். மரப்பட்டையின் மேல் சாம்பல் நிறத்திலும் வெளிறிய பச்சையிலும் சில வேளை மஞ்சளாகவும் படர்ந்திருக்கும் லைக்கன்களைக் காட்டலாம். செட்டிநாட்டுச் சமையலில் பட்டை, கிராம்போடு சேர்த்துத் தாளிக்கும் கல்பாசி ஒரு லைக்கன். அந்த அளவுக்கு நமக்குப் பழக்கமான உயிர்தான் அது. ஆனால் வாசலில் நிற்கும் மரத்தில் அதைப் பார்க்கும்போது மரத்துக்கு வந்த ஏதோ தேமல் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம்.

லைக்கன் ஒற்றை உயிர் இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டு வாழ்க்கை அது. 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டனர் இதைச் சொன்னபோது லைக்கன் அறிஞர்களே ஏற்க மறுத்தார்கள். பூஞ்சை உடலையும் பிடிமானத்தையும் தருகிறது. உள்ளிருக்கும் பாசி ஒளியைக் கொண்டு உணவு செய்கிறது. இந்தக் கூட்டுக்கு வேர் கிடையாது. மண்ணிலிருந்து எதையும் எடுப்பதில்லை. இலைகளின் மேல் இருக்கும் மெழுகுத் தோலும் இல்லை, வேண்டாதபோது மூடிக்கொள்ள இலைத்துளையும் இல்லை. மழை, பனி, தூசி, காற்று எது வந்தாலும் உடல் முழுவதாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்ந்து, பல பத்தாண்டுகள் வாழ்கிறது. இலையுதிர்த்து நஞ்சைக் கழித்துவிடும் வசதியும் இல்லாததால், வந்த உலோகம் உடலிலேயே தங்குகிறது.

வறட்சியில் லைக்கன் உலர்ந்து அசைவற்றுக் கிடக்கும். ஈரம் பட்டதும் சில நிமிடங்களில் விழித்து உணவு தயாரிக்கத் தொடங்கிவிடும். அதன் வலிமையும் பலவீனமும் இந்த ஒரே குணத்தில் இருக்கின்றன. நிலக்கரி எரியும்போது வெளியேறும் கந்தக டைஆக்சைடு, ஈரமான லைக்கனில் கரைந்து அமிலமாகிறது. பாசியின் பச்சையம் சிதைகிறது. செல்சவ்வு ஓட்டையாகிப் பொட்டாசியம் கசிகிறது. முதலில் பாசி சாகிறது, பிறகு பூஞ்சை பட்டினியால் சாகிறது. காற்றில் புதர்போல் நீட்டிக்கொண்டு தொங்கும் வகைகள் முதலில் மறையும். இலைபோல் படியும் வகைகள் அடுத்து. பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் மேலோடு வகைகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஓர் ஊரில் எந்தெந்த வகை எஞ்சியிருக்கிறது என்று பார்த்தாலே அதன் காற்றைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்படிச் சொல்லலாம் என்பதைத் தெளிவாக எழுதியவர் வில்லியம் நைலாண்டர். பாரிஸ் நகரின் லக்சம்பர்க் தோட்டத்தில் வளரும் லைக்கன்கள் நகரின் மற்ற பகுதிகளில் இல்லை என்பதைக் கவனித்து, அவை காற்றின் நலத்தை அளக்கும் கருவிகள் என்று 1866-இல் எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தோட்டத்திலிருந்தும் அவை மறைந்தன. 1970-இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் காற்றைப் பத்துப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எந்த லைக்கன் வாழும் என்ற அட்டவணையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 1997-இல் அதே இதழில் சிஸ்லாகியும் நிமிஸும் எழுதிய கட்டுரை இன்னும் நெருக்கமாக நம்மைத் தொடுகிறது. இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் லைக்கன் வகைகள் அருகிய இடங்களையும், அங்கேயே வாழ்ந்த இளவயது ஆண்கள் நுரையீரல் புற்றுநோயால் இறந்த கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பொருந்தின. மரப்பட்டையில் நடப்பது மனித நெஞ்சுக்குள் நடப்பதற்குத் தொலைவில் இல்லை என்று அந்த வரைபடம் காட்டியது.

ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. லைக்கன் சாட்சி சொன்ன வழக்கு தமிழ்நாட்டிலேயே உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் கண்ணில் படும் கழிவைக் காட்டிலும் பெரிய கேள்வி காற்றில் இருந்தது. பாதரசம் ஆவியாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. உள்ளே வேலை செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் எதைச் சுவாசித்தார்கள், அது சோலைக்குள் எவ்வளவு தூரம் போயிற்று என்பதை, தொழிற்சாலை நின்றபின் எந்தக் கருவியை வைத்தும் அளக்க முடியாது. கருவி அந்தக் கணத்துக் காற்றை மட்டுமே அறியும்.

ஐதராபாத்தில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானல் மரங்களிலிருந்து லைக்கனையும் மாஸ் வகைத் தாவரங்களையும் எடுத்துச் சோதித்தார்கள். 2003-இல் அந்த ஆய்வு வெளியானது. தொழிற்சாலையின் சுற்றுப்புறத்து மாதிரிகளில் இருந்த பாதரசம், தொலைவிலிருந்து எடுத்தவற்றைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததை மரத்தில் ஒட்டியிருந்த உயிர் தன் உடலில் சேர்த்து வைத்திருந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு நிறுவனம் ஒப்பந்தத்தின் மூலம் நிவாரணம் அளிக்க 2016 வரை ஆயிற்று. அந்தப் பதினைந்து ஆண்டுப் போராட்டத்தை லைக்கன்கள் வென்று தரவில்லை. தொழிலாளர்களும் அவர்களோடு நின்றவர்களும் வென்றார்கள். ஆனால் காற்றுவழியே பாதரசம் பரவியது என்பதை மறுக்க முடியாதபடி செய்ததில் அந்தச் சின்ன உயிருக்கும் பங்கு உண்டு.

மலையில் நடந்ததை இந்தக் கரையில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. சோலைக்காட்டின் ஈரமும் மூடுபனியும் லைக்கனுக்குத் தாய்வீடு. மரக்காணத்தில் ஆண்டின் பெரும்பகுதி வறட்சி, அதோடு உப்பு. உப்பளத்தின் நடுவே மரமே கிடையாது. ஓரங்களில் பனை நிற்கிறது, சீமைக் கருவேலம் அடர்கிறது, ஊருக்குள் வேம்பும் புளியும் தென்னையும். இந்த உப்புக் காற்றை விரும்பியே வாழும் லைக்கன் ஒன்று உண்டு. சோழமண்டலக் கரையோர மரங்களின் தண்டில் சாம்பல் வெண்மையில் தட்டையாகத் தொங்கும் ரோசெல்லா மோன்டாக்னை. அதன் பெயருக்கும் இந்தப் பகுதிக்கும் தொடர்பு இருக்கிறது. 1825-இல் புதுச்சேரியில் தாவரத் தோட்டம் அமைக்க அனுப்பப்பட்ட பிரெஞ்சு இயற்கையியலாளர் சார்ல் பெலாஞ்சேயின் கீழைப் பயண நூலில்தான் அந்தப் பெயர் 1830களில் அச்சேறியது. பூவாத் தாவரங்களை ஆராய்ந்த ராணுவ மருத்துவர் காமில் மோன்டாஞ்சின் நினைவைத் தாங்கிய பெயர் அது.

ரோசெல்லாவை அம்மோனியாவில் ஊறவைத்தால் ஊதாச் சாயம் கிடைக்கும். அதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்தும் சென்னை மாகாணக் கரையிலிருந்தும் இந்த இன லைக்கன்கள் கப்பலேறின. செயற்கைச் சாயங்கள் வந்து அந்த வணிகத்தை முடித்துவைத்தன. ஆனால் ரோசெல்லா இனம் தரும் இன்னொரு பொருள் இன்றும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. அமிலத்தில் சிவந்து, காரத்தில் நீலமாகும் லிட்மஸ். அமிலத்தை அடையாளம் காணும் எளிய வழி ஒன்றை வேதியியலுக்குத் தந்தது ஒரு கடற்கரை லைக்கன். மரக்காணத்துப் பள்ளியில் லிட்மஸ் தாளைத் தோய்த்துப் பார்க்கும் பிள்ளையிடம், இந்த நிறத்தைத் தந்த உயிரின் உறவு உன் ஊர்த் தென்னையில் இருக்கிறதா என்று தேடிப் பார் எனச் சொல்ல வேண்டும். அறிவியல் பாடம் வகுப்பறையிலிருந்து தெருவுக்கு இறங்க இதைவிட நல்ல படிக்கட்டு கிடைக்காது.

தேடும்போது அவசரப்படக் கூடாது. லைக்கன் இல்லை என்பதாலேயே காற்று கெட்டது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பட்டையை உரித்துக்கொள்ளும் மரத்தில் எதுவும் தங்காது. நேற்று நட்ட மரத்தில் இன்று வந்திருக்காது. கடலலையின் தூவல் நேரே படும் இடத்தில் உப்பைத் தாங்காத வகைகள் இருக்கவே இருக்காது. அதேபோல் லைக்கன் மண்டிக் கிடப்பதும் நற்சான்று ஆகாது. உரமும் மாட்டுக்கொட்டிலும் வெளிவிடும் அம்மோனியாவை விரும்பிப் பெருகும் வகைகள் உண்டு. கந்தகம் குறைந்தபின் ஐரோப்பிய நகரங்களுக்குத் திரும்பிவந்த லைக்கன்களில் நைட்ரஜனை விரும்பும் மஞ்சள் நிற வகைகளே முந்திக்கொண்டன. ஹாக்ஸ்வொர்த்தும் ரோஸும் வகுத்த பத்துப் படிகளை இங்கே கொண்டுவந்து ஒட்டவும் முடியாது. அவை இங்கிலாந்தின் ஓக் மரத்துக்கும் அந்த நாட்டு மழைக்கும் எழுதப்பட்டவை. நம் வெப்பக் கரைக்கு நாம்தான் படிகளை வகுத்துக்கொள்ள வேண்டும். இந்திய நகரங்களில் ஆய்வாளர்கள் அதிகம் நாடும் பிக்சினே கோகோயஸ் என்ற இலைவடிவ லைக்கன் மாசைத் தாங்கி நின்று உலோகங்களைச் சேர்த்துவைக்கும் வகை. அத்தகைய ஒன்றின் உடலில் என்ன இருக்கிறது என்று சோதிப்பது ஒரு வழி. ஒரே மரத்தில் பல வகைகளைப் பெயர் குறித்து, ஆண்டுகள் தோறும் அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பார்ப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழிக்குத் தொடக்கப் பட்டியல் வேண்டும். அது இல்லாவிட்டால் மாற்றம் என்று எதையும் சொல்ல முடியாது.

தொடக்கப் பட்டியலின் மதிப்பைக் கொல்கத்தாவிடமிருந்து கற்கலாம். பாரிஸின் காற்றை மரத்தில் படித்த அதே நைலாண்டர், அதே 1860களில், கல்கத்தாவிலிருந்து சுல்பிஸ் குர்ஸ் சேகரித்து அனுப்பிய லைக்கன்களையும் ஆராய்ந்து பெயரிட்டு வெளியிட்டார். ஏறக்குறைய நூற்றுநாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2005-இல், லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த உப்ரேதியும் உடன் ஆய்வாளர்களும் கொல்கத்தா நகரில் இன்னும் லைக்கன்கள் வளர்கின்றனவா என்ற கேள்வியையே தலைப்பாக்கி ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். குர்ஸ் அன்று மரம் மரமாகப் போய்ச் சேகரித்திருக்காவிட்டால் அந்தக் கேள்விக்கு எடையே இருந்திருக்காது. இழப்பை இழப்பு என்று சொல்லவே பழைய ஏடு தேவைப்படுகிறது. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவின் லைக்கன்களை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொகுத்துப் பட்டியலிட்டார்கள். நகரம் சூழ்ந்துவிட்ட பசுமைத்தீவு ஒன்றுக்கு அந்த ஏடு இருக்கிறது.

கிண்டியில் இருப்பது வறண்ட பசுமைமாறாக் காடு. அதே இனக் காடு மரக்காணத்துக் காப்புக்காட்டிலும் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காட்டிலும் எஞ்சியிருக்கிறது. இரண்டிலும் மரங்களைக் கணக்கெடுத்து 1995-இல் ஆய்வுக்கட்டுரை வெளியாகியிருக்கிறது. அய்யனார் காட்டில் கிளை ஒடிக்க ஊர் அஞ்சுவதால் அங்கே வயதான மரங்கள் நிற்கின்றன. லைக்கனுக்கு வேண்டியது அதுதான்: அசையாத மரம், நீண்ட காலம். நம்பிக்கை காத்துத் தந்திருக்கும் அந்த மரங்களின் பட்டையில் இந்தக் கரையின் காற்று பல பத்தாண்டுகளாகப் படிந்துகொண்டிருக்கிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஈரநிலத்தில் பறவைகளுக்குக் கணக்கு உண்டு. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு ஆண்டுக்கணக்கில் பறவை எண்ணியவர்களின் உழைப்பும் காரணம். எண்ணப்படுவதற்குத்தான் சட்டத்தின் காவல் கிடைக்கிறது. காற்றுக்கும் அதே நீதி பொருந்தும்.

இது வருங்காலக் கவலை மட்டும் இல்லை. மரக்காணத்துக்கு வடக்கே செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டு, 2013-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் பெற்றது. மக்களின் எதிர்ப்பைச் சந்தித்த அந்தத் திட்டம் இன்றுவரை கட்டப்படவில்லை. கட்டப்பட்டிருந்தால், வாடைக்காற்று வீசும் மாதங்களில் அதன் புகை எந்தத் திசையில் வந்திருக்கும் என்று உப்பளத்தில் நிற்கும் எவருக்கும் தெரியும். இத்தகைய திட்டங்களுக்கான தாக்க மதிப்பீட்டில் தொடக்கநிலைக் காற்று என்று காட்டப்படுவது பெரும்பாலும் ஒரே பருவத்தின் அளவீடு. அதைச் செய்வதும் திட்டக்காரர் அமர்த்தும் நிறுவனம். அந்த அளவீட்டின் எதிரே வைக்க ஊரிடம் எதுவும் இருப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நான்கு வழியாக விரிகிறது; வண்டிகள் பெருகும், சாலையோரத்துப் பழைய மரங்கள் குறையும். அதாவது மாசும் கூடும், அதைப் பதிவுசெய்யும் பட்டையும் போகும். அனல்மின் நிலையங்கள் கந்தகத்தை வடிகட்ட வேண்டும் என்று 2015-இல் வகுத்த விதியிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு 2025 ஜூலையில் ஒன்றிய அரசு விலக்கு அளித்துவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. குறைவா என்பதை ஒவ்வொரு ஊரும் தன் மரத்தில் சரிபார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தால் அந்தக் காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் அறிவோடு நடக்கும்.

மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் காலத்துக் கொடைகளைப் பாருங்கள்: எந்த நிலம், எந்த எல்லை, யார் கொடுத்தது, எதற்காக என்று சந்திரன் சூரியன் உள்ளவரை நிற்கும்படி வெட்டிவைத்தார்கள். தகராறு வரும் முன்பே எழுதினார்கள். தகராறு வந்தபின் எழுதும் ஏட்டை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதை அறிந்திருந்தார்கள். நிலத்துக்கும் விளக்குக்கும் ஆட்டுக்கும் செய்த அந்தக் காரியத்தைக் காற்றுக்கு நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

செய்யும் முறை கடினமானது இல்லை. ஐரோப்பாவில் தரப்படுத்தியிருக்கும் வழி இது: தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், மரத்தின் நான்கு திசையிலும், பத்து சென்டிமீட்டர் சதுரங்கள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்த லைக்கன் எத்தனை சதுரத்தில் இருக்கிறது என்று எண்ணுவது. கையில் ஒரு சட்டமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். வகையை உறுதிசெய்வதற்குத்தான் நிபுணர் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பக்கத்துப் புதுச்சேரியிலேயே இருக்கின்றன. உப்பளத்தை ஒட்டிய பனைகளில் சில, ஊருக்குள் சில வேம்பு, நெடுஞ்சாலையோரத்துப் புளி, காப்புக்காடு, அய்யனார் காடு என்று இடங்களைத் தேர்ந்து, மரங்களுக்கு எண் கொடுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்ப வேண்டும். ஏடு பள்ளியிலும் பேரூராட்சியிலும் இருக்க வேண்டும். ஆய்வகத்தோடு மட்டும் போய்விடக் கூடாது. உப்பு வாரும் பெண்கள், மீன்பிடிக்கப் போகிறவர்கள், பனையேறிகள் ஆகியோரின் கண்ணும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். மரத்தின் தண்டை அன்றாடம் நெருங்கிப் பார்ப்பவர்கள் அவர்கள்.

வெயிலில் முழு உடலையும் காட்டி, மூடிக்கொள்ள வழியில்லாமல், வருவதையெல்லாம் ஏற்றுக்கொண்டு உழைக்கும் மனிதர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கு எந்த அரசும் இன்னும் எண் தரவில்லை. கருவி வரட்டும், வர வேண்டும் என்று கேட்போம். அது வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறை கழித்து இந்தக் கரையின் பிள்ளைகளில் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று “எங்கள் காற்று முன்பு நன்றாக இருந்தது” என்று சொல்லும்போது, எந்த ஆண்டில், எந்த மரத்தில், எந்த உயிர் இருந்தது என்று அவர் பெயரோடு சொல்ல முடிய வேண்டும். அந்தப் பெயர்களை எழுதிவைக்கும் கடமை, அவை இன்னும் மரத்தில் இருக்கும் இந்தக் காலத்தில் வாழும் நமக்கே உரியது.